பத்து விரல்களும் பன்னிரண்டு கிலோமீட்டரும்



"இராஜபாளையத்தில் ஏது குளிர்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விருதுநகர் மாவட்டத்தைக் கந்தக பூமி என்றே மக்கள் அழைக்கின்றனர். சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகலில் எங்கள் ஊருக்கு வந்து சென்றவர்கள், அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்கம் கேட்கமாட்டார்கள். ஆனால் அதே ஊரில், மார்கழி மாதத்து இருட்டில், காலை நான்கே முக்கால் மணிக்கு மோட்டார் சைக்கிளில் அமர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமாகவே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒருமுறை சென்று பாருங்கள். இறங்கும்போது உங்கள் சட்டைப் பொத்தானை நீங்களே கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள்.

நான் இராஜபாளையத்தில் குடியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மதரஸாவில் சிறுவர் சிறுமியருக்கு ஓதிக் கொடுக்கிறேன். சுப்ஹுத் தொழுகைக்கே அங்கு சென்றுவிட்டால், தொழுகை முடிந்து சற்று நேரத்தில் வகுப்பைத் தொடங்கலாம். பிள்ளைகளும் நேரத்தோடு வீடு திரும்பிப் பள்ளிக்கூடம் செல்வர். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பல ஆண்டுகளாக என் பழைய நூறு சி.சி. வண்டியில் அந்தத் தூரத்தைக் கடந்து வருகிறேன். அந்தப் பயணம் எனக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்றை இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். அது கையுறையைப் பற்றிய பாடம். உங்கள் வீட்டிலும் அதிகாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படும் கணவரோ, மகனோ, மகளோ இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விடியலுக்கு முன் ஒரு பாதை

நான் வீட்டை விட்டுப் புறப்படும் வேளையில் இராஜபாளையம் முழுவதும் உறங்கிக் கொண்டிருப்பதில்லை. 1936-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இராஜபாளையம் மில்ஸ் முதலாக, இவ்வூரின் வாழ்வு நூற்பாலைகளோடு பின்னிப் பிணைந்தது. இரவுப் பணியிலிருப்போருக்கு எங்கள் விடியல்தான் மாலைப்பொழுது. அருகிலுள்ள சத்திரப்பட்டியிலோ, மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்யும் தறிகள் நிறைந்திருக்கின்றன. பஞ்சும் நூலும் துணியுமாகப் பிழைக்கும் வட்டாரம் இது. இத்தகைய ஊரில் கைக்கு ஓர் உறை தேடுவது பெரிய காரியமா என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். பனிக்காலத்து வண்டிப் பயணத்தில் பருத்தி நல்ல துணை ஆகாது என்பது பிறகுதான் புரிந்தது.

ஊரைக் கடந்ததும் திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை விரிகிறது. வடக்கு நோக்கிச் செல்லும் எனக்கு இடப்புறத்தில் மலை. பகலில் நீலமாகத் தெரியும் அந்த மலை, அவ்வேளையில் வானத்தைவிடச் சற்றே கறுத்த ஒரு சுவராக மட்டுமே தெரியும். சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற காடும் அங்கேதான் இருக்கின்றது. 2021-ஆம் ஆண்டு முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாக விளங்குகிறது.

இரவில் மலைச்சரிவுகள் விரைவாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே பள்ளத்தை நோக்கி வழிந்து இறங்கும். ஆகவே மேட்டில் செல்லும்போது தெரியாத குளிர், கண்மாய்க்கரையை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் இறங்கியதும் சட்டென்று கையைக் கவ்வும். மீண்டும் மேடேறினால் சற்றே தணியும். இந்த ஏற்ற இறக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும் அளவுக்கு என் விரல்கள் பழகியிருக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது, 11 நிலைகளுடன் 192 அடி உயர்ந்து நிற்கும் ஆண்டாள் கோயிலின் கோபுரம் இருளில் மெல்லப் புலப்படும். தமிழக அரசின் முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரமே என்று இவ்வூர் மக்கள் பெருமையுடன் சொல்வர். மார்கழி முழுவதும் அக்கோயிலுக்குச் செல்வோர் விடியலுக்கு முன்பே வீதியில் இறங்கிவிடுவார்கள். நாங்கள் பள்ளிவாசலை நோக்கிச் செல்வோம். இரு சாராரும் ஒரே இருட்டில், ஒரே சாலையில், ஒருவரையொருவர் நம்பியே நடக்கிறோம். இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன்.

ஒரு தை மாதத்து விடியல்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள் பெரியவர்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர், அப்படிப்பட்ட தைப்பனியில் நான் கை நடுங்க வீடு திரும்புவதைக் கண்ட என் துணைவியார், பழுப்புநிறக் கம்பளி நூல் வாங்கி, பதினைந்து நாட்கள் இரவில் அமர்ந்து எனக்கு ஒரு ஜோடி கையுறை பின்னித் தந்தார். பார்ப்பதற்கு அழகானது. அணிந்ததும் கதகதப்பானது. அன்போடு பின்னப்பட்டது. அதில் குறை காண யாருக்கு மனம் வரும்?

ஒருநாள் காலை தாமதமாகிவிட்டது. வீட்டிலேயே உளூச் செய்துவிட்டு, ஈரத்தைச் சரியாகத் துடைக்காமல் கையுறையை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். கம்பளிப் பின்னலின் ஆயிரம் கண்கள் வழியாகவும் காற்று உள்ளே புகுந்தது. பாதி வழியில் விரல் நுனிகள் குத்தின. பிறகு குத்துவதும் நின்றுவிட்டது. வலி நின்றதை நான் நல்லது என்று எண்ணிக்கொண்டேன். அது நல்லதன்று, மரத்துப்போனதன் அறிகுறி.

மடவார்வளாகத்தைக் கடந்து சற்றுத் தூரம் சென்றிருப்பேன். சாலையோரத்து இருட்டிலிருந்து பூக்கூடையுடன் ஒரு மூதாட்டி குறுக்கே அடியெடுத்து வைத்தார். வலக்கையால் பிரேக்கைப் பிடித்தேன், பிடித்ததாகத்தான் எண்ணினேன். விரல்கள் மடங்கியது பாதி. மடங்கிய விரல்களும் பிரேக்கின் வழவழப்பான உலோகத்தின்மேல் கம்பளியோடு சறுக்கிவிட்டன. காலால் பின் பிரேக்கை மிதித்தேன். வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு சென்று நின்றது. எனக்கும் அவருக்கும் இடையே ஒரு முழ தூரம் இருந்தது. அதற்குமேல் இல்லை.

கூடை கீழே விழுந்து பூக்கள் சிதறியிருந்தன. நடுக்கத்துடன் இறங்கி, கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மன்னிப்புக் கேட்டவாறே பூக்களைப் பொறுக்கினேன். கூடையை அவரிடம் கொடுக்கும்போது என் விரல்கள் அவர் கையில் பட்டன. அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வியப்புடன் கேட்டார்:

"என்ன தம்பி, கை இப்படி ஐஸ் மாதிரி இருக்கு! இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படி பிரேக் பிடிப்பீங்க?"

பி.ஏ. பட்டமும் மதரஸாவின் ஸனதும் பெற்றிருந்த என்னிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பால்காரர் சொன்ன பாடம்

அன்று வகுப்பு முடிந்ததும் தேநீர்க் கடையில் அமர்ந்தேன். மனம் இன்னும் அடங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களில் பலருக்குப் பால்கோவாதான் நினைவுக்கு வரும். பாலையும் சர்க்கரையையும் சட்டியில் இடைவிடாது கிளறிச் சுண்டவைத்துச் செய்யும் அந்தப் பண்டத்திற்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சட்டியில் வந்து விழும் பாலைச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து கொண்டுவருபவர்களுள், இருட்டிலேயே வண்டியேறும் பால்காரர்களும் உண்டு. அவர்களில் ஒருவர், இருபது ஆண்டுகளாகக் கேன்களைக் கட்டிக்கொண்டு வரும் பெரியவர், அன்று எனக்கு எதிரே அமர்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டுத் தம் கைகளைக் காட்டினார். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. அதன்மேல் பாலிதீன் பை. மணிக்கட்டில் ரப்பர் வளையம். சட்டைக்குள் நெஞ்சின்மீது மடித்த செய்தித்தாள்!

"ஹஜ்ரத், குளிர் நம்மள ஒண்ணும் செய்யாது. காத்துதான் செய்யும். காத்தை நிறுத்துங்க, குளிர் தானா நிக்கும்" என்றார்.

"பாலிதீன் பையோட பிரேக் பிடிச்சா வழுக்காதா அண்ணே?"

"வழுக்கும். அதனாலதான் நான் முப்பதுக்கு மேல போறதில்ல."

அறிவியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவர் இரண்டே வரிகளில் சொல்லி முடித்துவிட்டார். அதோடு, தம் ஏற்பாட்டின் குறையையும் மறைக்காமல் சொன்னார்.

கை ஏன் மரத்துப்போகிறது?

எங்கள் பகுதியில் தை மாதத்து விடியலின் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கு அது இதமான குளிர். ஆனால் நம் உடலைச் சுற்றி, உடற்சூட்டால் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் போர்வை ஒன்று எப்போதும் இருக்கின்றது. வண்டியின் வேகம் அந்தப் போர்வையை உரித்தெறிந்துகொண்டே இருக்கும். அதிலும் உடலின் மற்ற உறுப்புகளுக்கு முன்னே நீட்டிக்கொண்டு காற்றை முதலில் வாங்குபவை கைகளே. கை ஈரமாக இருந்தால் தொல்லை இரட்டிப்பாகும். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கின்றதோ, அப்படியே ஈரம் ஆவியாகும்போது கையின் சூட்டையும் எடுத்துச் சென்றுவிடும்.

இன்னொரு செய்தியும் உண்டு. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால், இதயத்தையும் ஏனைய உள்ளுறுப்புகளையும் காப்பதற்காக உடல் தன் விரல்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஆகவே கையில் எவ்வளவு தடித்த உறையை மாட்டினாலும், நெஞ்சு திறந்திருந்தால் விரல் சூடேறாது. பால்காரர் செய்தித்தாளை எங்கே வைத்திருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்!

இவற்றோடு எஞ்சினின் அதிர்வும், குளிரில் நாம் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும் சேர்ந்து மரமரப்பைக் கூட்டுகின்றன. நீரிழிவு நோயால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சிறு குளிருக்கே விரல்கள் வெளுத்து வலிக்கின்றவர்கள் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இதனால் என்ன கேடு? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டரைக் கடந்துவிடும். விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்க அரை நொடி தாமதித்தால் 7 மீட்டர் போய்விட்டது. பள்ளிவாசலில் ஏறக்குறைய ஆறு ஸஃப்புகள் நிற்கும் தூரம் அது. எனக்கும் அந்த மூதாட்டிக்கும் இடையே இருந்ததோ ஒரு முழம்!

எந்தத் துணி? எந்தத் தோல்?

அதன்பிறகு கையுறையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். பேருந்து நிலையத்தருகே கம்பளியாடைகளைக் குவித்து விற்கும் வடமாநில வணிகர் முதல், மதுரையில் மோட்டார் சைக்கிள் உடைகளுக்கென்றே உள்ள கடை வரை ஏறி இறங்கினேன். அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கம்பளி நல்ல பொருள்தான். அதன் இழைகளுக்கிடையே அசையாத காற்று தங்குகின்றது. அசையாத காற்றே சூட்டைக் காக்கும் கவசம். நனைந்தாலும் கம்பளி ஓரளவு கதகதப்பைக் காக்கும். ஆனால் பின்னலின் வழியே காற்று புகும், உலோகத்தின்மேல் சறுக்கும், கீழே விழுந்தால் ஒரு நொடியில் கிழிந்துவிடும். ஆகவே அது உள்ளே இருக்க வேண்டிய பொருள். வெளியே இருக்கத் தகுந்ததன்று. பருத்தியோ பனியையும் வியர்வையையும் குடித்துவிட்டு எளிதில் காயாது. ரெக்சின் காற்றை நிறுத்தும். ஆனால் வியர்வையை வெளியே விடாது. சில மாதங்களில் வெடித்து உரியவும் தொடங்கிவிடும்.

எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று தோல், மற்றொன்று, காற்றுப்புகா மென்படலம் உள்ளே வைத்துத் தைத்த நைலான் வகைத் துணி. பின்னதில் 'கோர்டெக்ஸ்' போன்ற படலங்கள், வெளியிலிருந்து தண்ணீர்த் துளியை உள்ளே விடாமல், உள்ளிருக்கும் வியர்வையின் ஆவியை மட்டும் வெளியேற்றும் தன்மை கொண்டவை. 'தின்சுலேட்' போன்ற மெல்லிய பஞ்சுகள் தடிமன் குறைவாக இருந்தும் சூட்டைக் காக்கும். இவற்றின் விலை சற்று அதிகம். எங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் மழை வலுக்கும் என்பதால், நாள்தோறும் வண்டியில் செல்பவருக்கு அந்தச் செலவு வீண்போகாது.

தோலைப் பற்றி நம் சமுதாயத்தாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல் என்று தோல் பதனிடும் ஊர்களின் வரலாற்றில் நம்மவரின் உழைப்பு கலந்திருக்கின்றது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிட்ட காலத்தை நினைவுகூரும் பெரியவர்கள் இன்றும் அங்கே உள்ளனர். கையுறைக்குப் பெரும்பாலும் குரோம் முறையில் பதனிட்ட தோலே பயன்படுகின்றது. அது மென்மையானது, நனைந்து காய்ந்தாலும் பட்டை முறைத் தோலைப் போல எளிதில் விறைக்காது. ஆட்டுத்தோல் மெல்லியதாக இருந்தும் உறுதியானது. விரல்நுனியின் உணர்ச்சியைக் கெடுக்காது. மாட்டுத்தோல் அதைவிடத் தடித்தது. பழகச் சில நாட்களாகும்.

ஒரு செய்தியை மட்டும் நாம் கவனித்தாக வேண்டும். கையுறைகளிலும் அவற்றின் உட்புறத்திலும் பன்றித்தோலைப் பயன்படுத்தும் வழக்கம் வெளிநாட்டுத் தயாரிப்புகளில் உண்டு. ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் அது பதனிட்டாலும் தூய்மையாகாது. சீட்டில் 'பிக் ஸ்கின்' என்று குறித்திருக்கின்றதா என்று பாருங்கள். தோலின் மேற்பரப்பில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூடியிருந்தால் அது பன்றித்தோலாக இருக்கக்கூடும். தெளிவாகத் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

கையுறை வாங்கச் செல்லும்போது நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்.

முதலாவது, அளவு. கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். அங்குலக் கணக்கில் வரும் எண்ணே பெரும்பாலும் கையுறையின் எண்ணாக இருக்கும். இறுக்கமான உறை கதகதப்பாக இருக்கும் என்பது தவறான எண்ணம். அது இரத்த ஓட்டத்தையும் நெரிக்கும். உள்ளே காற்றுத் தங்கவும் இடமிராது. விரல்நுனிக்கு அப்பால் சிறிதளவு இடம் இருக்கட்டும். ஆனால் நுனி தொங்கினால் பிரேக்கிற்கும் கைப்பிடிக்கும் இடையே அது சிக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, மடக்கிப் பார்ப்பது. கையை நீட்டிப் பார்த்து வாங்காதீர்கள். நாம் வண்டியைக் கைநீட்டி ஓட்டுவதில்லை. கடைக்கு வெளியே நிற்கும் உங்கள் வண்டியில் அமர்ந்து, கைப்பிடியைப் பற்றி, கிளட்சையும் பிரேக்கையும் பத்துமுறை பிடித்து விடுங்கள். ஹாரனையும் இண்டிகேட்டரையும் பார்க்காமலே தொட முடிகிறதா என்று பாருங்கள். உள்ளங்கையில் துணி சுருண்டு திரண்டால் அந்த உறை வேண்டாம்.

மூன்றாவது, நாணயச் சோதனை. கையுறையோடு மேசையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்க முயலுங்கள். எடுக்க முடிந்தால் உங்கள் விரல்கள் இன்னும் உங்களிடம்தான் இருக்கின்றன. முடியாவிட்டால், எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் அது எங்கள் சமவெளிக்கு உரிய உறை அன்று.

நான்காவது, மணிக்கட்டு. உறைக்கும் சட்டைக்கைக்கும் இடையே இரண்டு விரல்கடை இடைவெளி இருந்தாலும் காற்று முழங்கை வரை ஏறிவிடும். மணிக்கட்டை நன்கு மூடி, ஒட்டுப்பட்டையால் இறுக்கக்கூடியதாக இருக்கட்டும். அந்தப் பட்டை, விழும்போது உறை கழன்று போகாமலும் காக்கும்.

ஐந்தாவது, உள்ளங்கை. கீழே விழும் எவரும் தம்மையறியாமல் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். அங்கே இரட்டைத் தோல் வைத்துத் தைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் மோட்டார் சைக்கிள் கையுறைகளுக்கென்று 'ஈ.என். 13594' என்னும் தரநிலை உள்ளது. அந்த எண்ணும், அருகே 1 அல்லது 2 என்னும் நிலையும் குறித்திருந்தால் அது பாதுகாப்புக்காகச் சோதிக்கப்பெற்றது என்று பொருள். 'கே.பி.' என்னும் எழுத்துகள் விரல் முட்டிகளுக்கும் காப்பு உண்டு என்பதைக் குறிக்கும்.

மலைக்கு வேறு, சமவெளிக்கு வேறு

இத்தனையும் பார்த்து, ஆட்டுத்தோல் உள்ளங்கையும் காற்றுப்புகா மேற்புறமும் கொண்ட மெல்லிய உறை ஒன்றை வாங்கினேன். எங்கள் சாலைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் எல்லா இடத்துக்கும் அது போதும் என்று எண்ணிவிட்டேன். அதையும் ஒரு பயணம் திருத்தியது.

மலை எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றாலும், அதன்மேல் ஏறிக் கேரளத்துக்குச் செல்லும் மோட்டார் சாலை எங்கள் ஊரில் இல்லை. தெற்கே செங்கோட்டைக்கோ, வடக்கே தேனி மாவட்டத்துக்கோ சென்றுதான் ஏற வேண்டும். ஒரு ஜனவரி மாதத்தில், கம்பத்தில் உறவினர் வீட்டு நிக்காஹ் முடிந்த மறுநாள், என் மைத்துனர் தம் வண்டியையும் என் வண்டியையும் மூணாற்றுக்குத் திருப்பினார். போடிநாயக்கனூரைக் கடக்கும் வரை இதமாகத்தான் இருந்தது. கொண்டையூசி வளைவுகளில் ஏற ஏற நிலைமை மாறியது.

ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. மூணாறு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. தெளிந்த ஜனவரி இரவுகளில் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உறைபனி படிவதும் உண்டு. அங்கே என் மெல்லிய உறை தோற்றுவிட்டது. மைத்துனரோ உள்ளே மெல்லிய கம்பளி உறை, வெளியே பஞ்சு வைத்த அகன்ற உறை என இரண்டடுக்காக அணிந்திருந்தார். சாலையோரம் வண்டியை நிறுத்தி, தம் உள்ளுறையைக் கழற்றி எனக்குக் கொடுத்தார். "மச்சான், உங்க உறை நல்ல உறைதான். ஊருதான் வேற" என்றார்.

அவர் சொன்னதே சரி. சமவெளிக்குக் காற்றை நிறுத்தும் மெல்லிய உறை. மலைக்கு அதனுள்ளே ஓர் அடுக்கு கூடுதல். அதற்கேற்ப வெளியுறையைச் சற்றே தளர்வாக வாங்குவது சிக்கனம். மரத்துப்போன பிறகு பிடிவாதமாக ஓட்டாமல், அரைமணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிக் கொள்வது எந்த உறையைவிடவும் மலிவான மருந்து.

சில சிறு குறிப்புகள்

உளூச் செய்த கைகளைத் துண்டால் முழுவதும் துடைத்த பிறகே உறையை அணியுங்கள். என் மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், காலில் அணியும் குஃப்பின்மீது மஸ்ஹு செய்வதுபோலக் கையுறையின்மீதும் செய்யலாமா?" என்று கேட்டான். அந்தச் சலுகை காலுறைக்கு மட்டுமே; கையுறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். குளிர்ந்த தண்ணீரை எண்ணி அவன் முகம் வாடியது இன்றும் நினைவிருக்கின்றது.

நனைந்த தோலுறையை அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ காயவைக்காதீர்கள், வெடித்துவிடும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நிழலில் காயவிடுங்கள். ஓரிரவில் ஈரத்தைத் தாள் இழுத்துவிடும்.

கம்பளி வீணாகவில்லை

அந்தத் தை மாதத்து நிகழ்ச்சியை என் துணைவியாரிடம் ஒரு வாரம் சொல்லாமல் மறைத்தேன். அவர் மனம் நோகுமே என்னும் தயக்கம். பிறகு சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் மாலை பார்த்தால், அந்தப் பழுப்புநிறக் கையுறைகளைப் பிரித்து நூலாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம், இருக்கட்டுமே" என்றேன்.

"கைக்கும் சட்டைக்கும் இடையில காத்து ஏறுதுன்னு சொன்னீங்கள்ல?" என்றார்.

நான்கு நாட்களில் அந்த நூல், மணிக்கட்டிலிருந்து முழங்கையின் பாதிவரை மூடும் இரண்டு பட்டைகளாக மாறிவிட்டது. தோலுறை அதன்மேல் வந்து அமர்கின்றது. விரல்கள் தோலில், நாடித்துடிப்பு கம்பளியில். இன்றுவரை ஒவ்வொரு பனிக்காலத்திலும் அவற்றைத்தான் அணிகின்றேன்.

அன்பர்களே! அடுத்த பனிக்காலத்துக்கு முன் உங்கள் வீட்டு வண்டியோட்டியின் கைகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அவர் காலையில் வீடு திரும்பியதும், சட்டைப் பொத்தானைக் கழற்றத் தடுமாறுகிறாரா என்று கவனியுங்கள். ஒரு நல்ல உறையின் விலையைக் கணக்கிடும்போது, அவர் கையை மட்டும் கணக்கில் கொள்ளாதீர்கள். இருட்டில் அவரை நம்பிச் சாலையைக் கடக்கும் முகமறியாதவர்களின் உயிரும் அந்தக் கையில்தான் அமானத்தாக இருக்கின்றது.

மடவார்வளாகத்தைக் கடந்ததும் நான் இன்றும் வேகத்தைக் குறைக்கிறேன். சில நாட்களில் அந்த மூதாட்டியைப் பார்ப்பதுண்டு. சென்ற மார்கழியில் ஒருநாள், கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். உறையைக் கழற்றச் சொல்லி, என் விரல்களைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்போ சரியா இருக்கு தம்பி. போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, பூக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்து போனார்.